புகாரே வராத செருப்பு ஸ்டாண்டு

"இந்த மாசமும் ஒரு புகார் கூட வரலைங்க" என்று எங்கள் சங்கத்தின் செயலாளர் சொல்லி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தட்டிலிருந்து கொஞ்சம் மிக்சர் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

எனக்குச் சந்தேகம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை செய்தே தலை நரைத்தவள் நான். போன இடத்திலெல்லாம் டீ கொடுத்து, "எல்லாம் பக்காவா இருக்கு மேடம்" என்பார்கள். அப்படிச் சொல்கிற இடத்தில்தான் பையைக் கீழே வைத்துவிட்டு நன்றாக உட்காருவேன். சண்டையும் சச்சரவுமாக இருக்கிற சங்கத்தில் பெரிய தப்பு நடக்காது. ஒருத்தர் செய்வதை இன்னொருத்தர் போட்டுக் கொடுத்துவிடுவார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிற சங்கத்தில்தான் பழைய ரசீதையெல்லாம் எடுத்துவரச் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. தக்காளி வாங்கினால் கூடையின் அடியில் கை விட்டுப் பார்ப்பேன். "சாமியே நேர்ல வந்தாலும் நீ ஆதார் கார்டு கேப்ப" என்பார் என் வீட்டுக்காரர். கேட்டால் என்ன தப்பு?

நான் சொல்லப்போவது செருப்பைப் பற்றி. செருப்பு என்றதும் சிலர் சிரிப்பார்கள். அதனால் இதில் ஒரு பெண்மணியின் கால் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சங்கம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து நடத்துவது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் மலையைச் சுற்ற வருகிறவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். அவர்களுடைய செருப்பை இலவசமாகப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் சேவை. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவருடைய காலி மனையில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம். உள்ளே மூங்கில் தட்டுகள், வாசலில் ஒரு மேஜை. அட்டை டோக்கனை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை நூலில் கோத்துச் செருப்போடு கட்டுவோம். மறு பாதி அவர்கள் கையில். சாயங்காலம் ஆரம்பித்தால் மறுநாள் காலை வரை ஆள் வந்துகொண்டே இருக்கும்.

மேஜையில் பெரும்பாலும் உட்காருகிறவர் செயலாளர்தான். எங்கோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். நெற்றி நிறைய விபூதி. யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். கொட்டகையைக் கூட்ட வேண்டுமென்றால் முதலில் துடைப்பத்தை எடுப்பவர் அவர்தான். அவரைப் பற்றிக் குறை சொல்ல ஊரில் ஆளே கிடையாது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அத்தனை செருப்பு வந்து போகிற இடத்தில் ஒரு ஜோடி கூடவா மாறாது? ஒரு வார் கூடவா அறுந்து போகாது? என் வீட்டில் இருப்பது இரண்டே பேர். நாங்களே அடிக்கடி செருப்பைத் தேடுகிறோம்.

பங்குனிப் பௌர்ணமி முடிந்த காலையில் கொட்டகைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். சங்கத்து ஆட்கள் கண்ணில் படாத மாதிரி தூணுக்குப் பின்னால். வெயில் ஏற ஆரம்பித்த நேரம், ஒருவர் மனைவியோடு நொண்டிக்கொண்டே வந்து டோக்கனை நீட்டினார். செயலாளர் காலியாக இருந்த தட்டுகளைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கை கூப்பினார்.

"சார், மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. இந்த மலையில செருப்பு போச்சுன்னா உங்களைப் புடிச்சிருந்த பீடை போச்சுன்னு அர்த்தம். சாமியே எடுத்துக்கிட்டாரு. சந்தோஷமா போங்க."

சண்டை வரும் என்று டம்ளரைக் கீழே வைத்தேன். வரவில்லை. அந்த மனிதர் காலித் தட்டுகளை ஒருமுறை பார்த்தார். பிறகு முகம் மாறியது. "அப்படீங்களா? ரெண்டு வருஷமா ஒண்ணுமே சரியில்லாமதாங்க இருந்தது" என்றார். மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். செயலாளருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சூடு பறக்கும் ரோட்டில் வெறுங்காலோடு போய்விட்டார். பொருளைப் பறிகொடுத்தவன் அதைத் தொலைத்தவனுக்கே நன்றி சொல்லிவிட்டுப் போவதை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அந்தத் திறமைக்கு என்னையறியாமல் ஒரு சலாம் போட்டேன். சந்தேகம் இன்னும் ஜாஸ்தியானது.

அவர் சொன்னதொன்றும் புதிதல்ல. கோயிலில் செருப்பு காணாமல் போனால் சனி விட்டது என்று சொல்லித் தேற்றிக்கொள்வது நம் எல்லோருக்கும் வழக்கம்தான். சிலர் வேண்டுமென்றே பழைய செருப்பை மலையடியிலோ எங்கள் கொட்டகை வாசலிலோ கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அப்படி விட்டுப்போனதை யாரும் தொடமாட்டார்கள். அவர்களுடைய கெட்ட நேரம் நம்மிடம் ஒட்டிக்கொள்ளும். நானும் இந்த ஊர்க்காரிதான். ரோட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் செருப்பைத் தாண்டமாட்டேன், சுற்றிக்கொண்டுதான் போவேன்.

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்கும் இதே கதைதான். செயலாளர் அவரிடம் இதையே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் கண் கலங்கி, அவரோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் போட்டோவைப் பிரேம் போட்டுக் கொட்டகையில் மாட்டியிருந்தார்கள். அதில் அந்த அம்மாளின் வெறுங்கால் நன்றாகவே தெரியும். யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

செருப்பெல்லாம் எங்கே போகிறது? யாரோ விற்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய செருப்பைத் தைத்து, பாலிஷ் போட்டு விற்கும் ஒருவரிடம் போனேன். ஒரு ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, "பௌர்ணமி செருப்பெல்லாம் உங்ககிட்டதான் வருதாமே" என்று தூண்டில் போட்டேன். அவர் கையில் இருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"அதெல்லாம் வேணவே வேணாங்க. எவன் சனியோ, இன்னாவோ. ஓசியில குடுத்தாகூட தொட மாட்டேன்" என்றார். பிறகு என்னையும் என் கைப்பையையும் மேலும் கீழும் பார்த்து, "ஏன், உங்ககிட்ட எவ்ளோ இருக்குது?" என்று கேட்டார்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. திருடன் என்று ஒருவன் இருந்தால் பிடித்துவிடலாம், விஷயம் முடிந்துவிடும். செருப்பு போகிறது, எடுத்தவன் இல்லை, விற்றவன் இல்லை, இழந்தவனும் சிரிக்கிறான் என்றால் யாரைப் பிடிப்பது?

வைகாசிப் பௌர்ணமிக்கு மேஜையில் நான் உட்காருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். "தாராளமா வாங்க மேடம்" என்றார் செயலாளர். முகத்தில் கொஞ்சமும் பயம் இல்லை. பயப்படாதவரைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும்.

இருட்ட ஆரம்பித்தபோது, நான் முதலில் சொன்ன அந்தப் பெண்மணி வந்தார். என் வயதுதான் இருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கறுப்பு ரப்பரில், பின்பக்கம் வார் வைத்த செருப்பு. வெளியில் கடையில் கிடைக்கிற மாதிரி இல்லை. அதைக் கழற்றி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"யக்கா, இது சுகர் செருப்பு. ஆஸ்பத்திரியில காலை அளவெடுத்து குடுத்தாங்க. கொஞ்சம் ஜாக்கிரதையா வெய்யுங்க."

எட்டிப் பார்த்தேன். முழங்கால் வரை இழுத்துவிட்ட தடித்த சாக்ஸ், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. இடது காலில் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

"காலுல உணர்ச்சி கம்மிக்கா. முள்ளு குத்தினாக்கூட தெரியாது. பாத்ரூமுக்குக்கூட வெறுங்காலோட போவக்கூடாதுன்னாரு டாக்டரு."

"அப்புறம் எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்டேன்.

"பொண்ணுக்கு வேலை கெடைச்சா சுத்தி வரேன்னு வேண்டிக்கிட்டேன். கெடைச்சிடுச்சு. இப்ப போயி ஏமாத்த முடியுமா? மெதுவாதான் நடப்பேன். நடுவுல எங்கனா படுத்துட்டு காலைலதான் வருவேன்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சொன்னால் செய்கிறவர்கள் எனக்கு அபூர்வம். டோக்கனை வழக்கத்தைவிட இறுக்கமாக, இரட்டை முடிச்சாகப் போட்டுக் கட்டினேன். மேல் தட்டின் ஓரத்தில் தனியாக வைத்தேன். எனக்குப் பதிலாக உட்கார வந்த செயலாளரிடம் செருப்பைக் காட்டிச் சொன்னேன்.

"சார், இந்தம்மாவுக்குக் கால்ல உணர்ச்சி கிடையாது. லேட்டாத்தான் வருவாங்க. அவங்க கையில குடுத்தாத்தான் ஆச்சு."

"நான் பாத்துக்கறேன் மேடம். நீங்க வீட்டுக்குப் போயி நிம்மதியா தூங்குங்க."

நிம்மதியாக என்று யாராவது சொன்னால் எனக்குத் தூக்கம் போய்விடும். போய்விட்டது.

காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பௌர்ணமிக்காகப் போட்ட தடுப்புகளை இன்னும் எடுக்கவில்லை. சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. கொட்டகை பளிச்சென்று இருந்தது. தட்டுகள் காலி. தரையைக் கூட்டி, ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் கூடத் தூவியிருந்தார்கள். செயலாளர் மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கறுப்புச் செருப்பு?" என்றேன்.

"ஆங், அந்தம்மா இப்பதான் கொஞ்ச நேரம் முன்னாடி வந்துட்டுப் போனாங்க."

"வாங்கிக்கிட்டாங்களா?"

அவர் ஒரு வாய் டீ குடித்தார். "எடுத்துச் சொன்னேன் மேடம். புரிஞ்சிக்கிட்டாங்க. ரொம்ப சந்தோஷமா போனாங்க."

"செருப்பு எங்க சார்?"

கொட்டகைக்குப் பின்புறம் கையைக் காட்டினார். அங்கே வாய் கட்டிய கோணிப்பைகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"வெளிச்சம் வந்ததும் மிச்சம் இருக்கறதை எல்லாம் கோணியில போட்டுடறது மேடம். விடியறதுக்குள்ள வாங்காதவங்க வேணும்னே விட்டுட்டுப் போனவங்கதானே? மதியானம் குப்பை வண்டி வந்தா ஏத்திடுவோம். நீங்க சொன்ன செருப்பும் அதோட சேந்து போயிடுச்சு."

"எப்பலேந்து இப்படி?"

"ஆரம்பத்துலேந்தே இப்படித்தான்."

"அந்தம்மா இங்க வந்து நின்னு கேட்டாங்க இல்ல? கோணியை அவுத்துப் பாக்கறதுக்கு என்ன?"

அவர் கோணியிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். பிறகு தணிந்த குரலில், "உள்ள எத்தனை பேர் பீடை கெடக்குதோ மேடம். கையை வெக்க முடியுமா? நாங்க துடைப்பத்தாலதான் தள்ளிப் போடுவோம். வீட்ல புள்ளகுட்டிங்க இருக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. விட்டுப்போன செருப்பும் வைத்துப்போன செருப்பும் ஒரே கோணியில் விழுந்ததும் எல்லாமே தீண்டக் கூடாததாகிவிடுகிறது. பிறகு சொந்தக்காரனே வந்து நின்றாலும் திறக்கமாட்டார்கள். அவனுக்கு ஓர் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

நான் கோணியின் முடிச்சில் கை வைத்தேன். எனக்கும் கூசியது, பொய் சொல்லமாட்டேன். ஏழரை நடக்கிறது என்று போன மாதம்தான் ஜோசியர் சொல்லியிருந்தார். "மேடம், வேணாம் மேடம்" என்று செயலாளர் எழுந்து வந்தார். நான் மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோணியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

செருப்புகள் தரையில் கொட்டின. வார் அறுந்தவை, தேய்ந்து ஓட்டை விழுந்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நல்ல செருப்பு. குழந்தைகளுடையது கூட இருந்தது. பெரும்பாலானவற்றில் நூலில் கட்டிய அட்டைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், இது என்ன?" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.

"டோக்கன்."

"பீடையை விட்டுட்டுப் போறவன் டோக்கன் வாங்கிக்கிட்டா போவான்?"

அவர் குனிந்து பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை காலமாக அவர் அதைப் பார்த்ததே இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தொடக் கூடாது என்று துடைப்பத்தால் தள்ளியவர் எங்கே பார்க்கப்போகிறார்? அவர் நடிக்கிறார் என்றால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நடிக்கவில்லை.

"யாரையும் ஏமாத்தணும்னு நெனைக்கலை மேடம். எல்லாரும் சிரிச்சிக்கிட்டேதானே போனாங்க" என்றார்.

இரண்டாவது கோணியில் கறுப்புச் செருப்பு கிடைத்தது. நான் போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டினேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆட்டோ எதுவும் ஓடவில்லை. அப்படியென்றால் அத்தனை தூரமும் அந்த அம்மாள் தார் ரோட்டில்தான் நடந்திருக்க வேண்டும்.

கீழ்பென்னாத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "யக்கா, நீங்களா? செருப்பு போனா போவுதுக்கா. பீடை விட்டுதாமே."

சாக்ஸின் அடிப்பக்கம் முழுக்கக் கிழிந்து கணுக்காலில் வளையமாகத் தொங்கியது. குனிந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலில் தோல் வழன்று, தாரும் மண்ணும் அப்பியிருந்தது. முன்பாதத்தில் பெரிய கொப்புளங்கள். ஒன்று உடைந்துவிட்டிருந்தது.

"வலிக்கலியா?"

"இல்லியே. நல்லாதான் நடந்து வந்தேன்" என்றவர், என் கையில் இருந்த செருப்பை அப்போதுதான் பார்த்தார். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது, மறுபடி எப்போது அளவெடுப்பார்கள் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்ததாகச் சொன்னார்.

"நீங்க சந்தோஷமா போனீங்கன்னு அவர் சொன்னாரே?"

"மலையடியில நின்னுக்கிட்டு, சாமியே எடுத்துக்கிட்டாருன்னு சொல்றாரு. அதுக்கு மேல இன்னாக்கா கேக்கறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். தினமும் கட்டை மாற்ற வேண்டும், ஒரு வாரத்தில் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். பஸ் ஏற்றிவிட்டு அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். "நல்லா இருக்குதுக்கா. வலியே இல்ல." டாக்டரிடம் காட்டினீர்களா என்றால், கடலை வேலை முடியட்டும், வலியில்லாத காலை எதற்குக் காட்டுவது என்பார்.

மாதாந்திரக் கூட்டம் வந்தது. செயலாளர் என்னைப் பார்க்காமலே அறிக்கையை வாசித்தார். இனிமேல் மறுநாள் மதியம் வரை செருப்புகளை வைத்திருப்போம் என்றார். நல்லதுதான் என்று நினைத்தேன். பிறகு, "போன தடவை ஒரு சின்ன சம்பவம் நடந்தது. அந்தம்மாகிட்ட நானே போன்ல பேசினேன். நல்லா இருக்காங்க. எந்தக் குறையும் இல்லேன்னுட்டாங்க. ஆக, இந்த மாசமும் புகார் எதுவும் இல்லை" என்றார். கை தட்டினார்கள்.

நான் எழுந்து, "என் புகாரை எழுதிக்கோங்க" என்றேன்.

"உங்க செருப்பு தொலையலியே மேடம்" என்று பின்னால் ஒருவர் சொன்னார். சிரிப்பு எழுந்தது. தொலைத்தவர்கள்தான் புகார் கொடுக்க வேண்டும், அதுதான் முறை என்று இன்னொருவர் விளக்கினார். முப்பது வருஷம் முறைகளோடு மல்லுக்கட்டியவளுக்கு முறையைப் பற்றி வகுப்பெடுத்தார்கள்.

வாதாடவில்லை. கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் போய், "நாளைக்கு என்கூட வந்து அந்தம்மாவைப் பாத்துட்டு வரீங்களா?" என்று கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். வருகிறேன் என்றார். என் வாயை அடைக்கத்தான் வருகிறார் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், நான் முன்னால். கீழ்பென்னாத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். வாசலில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் கறுப்புச் செருப்போடு நடந்து வந்தார். வெள்ளைத் துணியால் காலைச் சுற்றிக் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, "நீங்க எதுக்குங்க இவ்ளோ தூரம்? ஒரு குறையும் இல்ல. நல்லா நடக்கறேன், வேலை செய்யறேன்" என்று செயலாளரிடம் சொன்னார்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மேடம்?"

"துணியை அவுத்துக் காட்டுங்க" என்றேன் அந்த அம்மாளிடம்.

"இன்னாக்கா, நம்பலியா?" என்று சிரித்தார்.

"நம்பல. காட்டுங்க."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். கடைசிச் சுற்றுக்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. செயலாளர் சட்டென்று முகத்தைத் திருப்பிக் கடலையைப் பார்த்தார். "இங்க பாருங்க சார்" என்றேன். திரும்பிப் பார்த்தார். முன்பாதம் வீங்கிப் பளபளத்தது. கொப்புளம் இருந்த இடத்தில் குழி விழுந்து, பக்கத்து விரல் கறுக்க ஆரம்பித்திருந்தது.

அந்த அம்மாளால் தன் காலின் அடியைக் குனிந்து பார்க்க முடியவில்லை. அதனால் எங்கள் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செயலாளர் முகத்தைப் பார்த்தார்.

"வலியே இல்லியேக்கா" என்றார் மெதுவாக.

உடனே, நாங்கள் வந்த ஆட்டோவிலேயே திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்தோம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும், இப்போது ஒரு விரலோடு போகும் என்றார் டாக்டர். மகளுக்குப் போன் செய்து சொன்னேன். சக்கர நாற்காலியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது செருப்பு வெளியில் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். செயலாளர் குனிந்து அந்தக் கறுப்புச் செருப்பைக் கையில் எடுத்தார். வேட்டியின் நுனியால் அதன் உள்பக்கத்தைத் துடைத்தார். சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஜோடியை மடியில் வைத்துக்கொண்டார். அந்த வழியாக வந்த நர்ஸ், "இது யாருதுங்க? இங்க வெக்கக் கூடாது" என்றார்.

"உள்ள போயிருக்காங்கம்மா. நான்தான் பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தேன். வந்ததும் அவங்க கையில குடுக்கணும்" என்றார் செயலாளர்.

மதியம் ஆகியும் அவர் எழுந்திருக்கவில்லை. நான் டீ வாங்கி வந்தபோது, செருப்பை விடாமல் ஒரு கையால்தான் வாங்கிக் குடித்தார். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.